சிறுநீரக ரத்தக்குழாய் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வேண்டுமா?

கேள்வி: அப்பச்சிக்கு வயது 68, தேவகோட்டையில் இருக்கிறார். ஏற்கெனவே இதயத்தில் ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறோம். மூன்று பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் 150/90. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 1.5. டாப்ளர் ஸ்கேனில் இடது சிறுநீரக ரத்தக்குழாய் 70 சதவீதம் சுருங்கியிருக்கிறதாம், காரணம் கொழுப்புப் படிவு. டாக்டர் மாத்திரையே போதும் என்கிறார். இதயத்துக்கு வைத்ததுபோல இதற்கும் ஸ்டென்ட் வைத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அடைப்பு கண்ணுக்குத் தெரியும்போது விரித்துவிடத்தான் தோன்றும்; டாக்டர்களுக்கும் தோன்றியது. 2014-இல் வெளியான கோரல் ஆய்வில் 900-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு மாத்திரை மட்டும், மறுபாதிக்கு மாத்திரையோடு ஸ்டென்ட். மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2009-இல் வந்த ஆஸ்ட்ரல் ஆய்விலும் ஸ்டென்டால் பெரிய பலன் தெரியவில்லை.

உங்கள் பக்கத்து ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்காலை மட்டும் வெட்டி அகலமாக்கிவிட்டு, ஊருணி மேடுதட்டிக் கிடந்தால் தண்ணீர் எங்கே தங்கும்? பல வருஷப் பிரஷரில் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களும் கெட்டிருக்கும். போதாததற்கு, ஸ்டென்ட் வைக்கும்போது கொழுப்புத் துகள் உடைந்து உள்ளே போய் அடைக்கவும் செய்யலாம்.

ஆனால் திடீர் திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டினாலோ, இரண்டு பக்கமும் சுருங்கி கிரியேட்டினின் வேகமாக ஏறினாலோ கதை வேறு. அப்போது ஸ்டென்ட் பற்றிப் பேசத்தான் வேண்டும். முழு அளவில் மாத்திரை கொடுத்தும் அடங்காத பிரஷரும் அப்படித்தான். அப்பச்சியின் மூன்று மாத்திரைகளில் நீர் பிரியும் மாத்திரை ஒன்று இருக்கிறதா, அளவு போதுமா என்று முதலில் கேளுங்கள்.

டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பயப்பட வேண்டாம், அதற்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி பேதி வந்த நாளில் அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை விடவே கூடாது. சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். உப்புக்கண்டம், கருவாடு, மோர் மிளகாய், அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். செட்டிநாட்டு வீட்டில் இதைச் சொல்வது எனக்கே சங்கடம்தான், என்ன செய்ய! அப்புறம், 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் வருவதைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை மாத்திரைகளோடு அது ஆபத்து.