கடைசி நொடியில் பச்சைப் பொட்டு

கேள்வி: பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பக்கம், பாசீர் பாஞ்சாங் கடற்கரையில் சூரியன் மறையும் நொடியில் பச்சை நிறம் மின்னியது. கண்மயக்கம் என்கிறார் என் கணவர். அதைப் படம் எடுக்க முடியுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: காற்று மண்டலம் பட்டகம்போல் ஒளியைப் பிரிக்கிறது, அம்மா. சிவப்பு முதலில் மறையும், நீலம் வழியிலேயே சிதறிவிடும், கடைசி விளிம்பில் எஞ்சுவது பச்சை. ஓரிரு நொடிதான். வெகுநேரம் சூரியனை உற்றுப் பார்த்தாலும் கண்ணில் பச்சைத் திட்டு தோன்றும். ஆனால் அது பார்வை போகும் பக்கமெல்லாம் கூடவே வரும். உங்கள் பொட்டு கடல்விளிம்பிலேயே நின்றதென்றால், பார்த்தது மெய்தான்.

அதே கரையில் ஏழு மாலைகள் வெறுங்கையோடு திரும்பினேன். எட்டாம் நாள், மழை கழுவிவிட்ட வானம். கடல்விளிம்பு கோடு கிழித்ததுபோல் இருந்தது. முக்காலி, 400 மி.மீ. லென்ஸ், தொடர் படப்பிடிப்பு. வெளிச்சத்தைக் குறைத்தே வைத்தேன். கூடினால் பச்சை வெளிறிவிடும். முப்பத்தொரு படங்களில் இரண்டில் மட்டும், வெட்டிய நகத்துண்டு அளவில், மரகதப் பச்சை! கை நடுங்கிவிட்டது.

புகைமூட்டக் காலத்தில் போகாதீர்கள். கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை வழியே சூரியனைப் பார்க்கவே வேண்டாம். கேமராவின் திரையைப் பாருங்கள்.