ஒரே நாள் என்றால் எந்த நாள்?

கேள்வி: ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் மறைந்தார்கள், அதனால்தான் அது உலகப் புத்தக நாள் ஆனது என்று படித்தேன். பெரியவர்கள் இப்படி ஒரே நாளில் பிறப்பதற்கும் மறைவதற்கும் ஏதாவது காரணம் இருக்குமா?

பதில்: காரணத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் ‘ஒரே நாளில்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். அவர்கள் ஒரே நாளில் சாகவில்லை. அப்போது ஸ்பெயினில் கிரிகோரியன் காலண்டர், இங்கிலாந்தில் பழைய ஜூலியன் காலண்டர். இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். இங்கிலாந்து ஏப்ரல் 23 என்று எழுதிய அன்று மாட்ரிட்டில் மே 3. செர்வாண்டிஸ் 22ஆம் தேதியே இறந்துவிட்டார், 23 அடக்கம் பதிவான நாள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். 1995இல் யுனெஸ்கோ இந்தத் தேதியைத் தேர்ந்ததில் எனக்குக் குறை எதுவும் இல்லை. புத்தகத்துக்கு ஒரு நாள் கிடைத்ததே பெரிது. ஆனால் தேதி ஒன்றாக இருந்தால் நாளும் ஒன்றுதான் என்று எழுதும்போது மனம் ஒப்பவில்லை.

இதைவிட என்னை வாட்டுவது கலிலியோ கதை. ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்’ என்று மேடையில் யார் சொன்னாலும் எழுந்து மறுத்துவிடுவேன். கலிலியோ இறந்தது இத்தாலியக் கணக்கில், அதாவது கிரிகோரியன் காலண்டரில், 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது ஆங்கிலக் கணக்கில், அதாவது ஜூலியன் காலண்டரில், 1642 டிசம்பர் 25. அதை இத்தாலியக் கணக்குக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. சரி, கலிலியோவை ஆங்கிலக் கணக்குக்குக் கொண்டுவரலாமே என்றால், அவர் மறைவு 1641 டிசம்பர் 29க்குப் போய்விடுகிறது. எந்தக் காலண்டரை எடுத்தாலும் இருவரும் ஒரே ஆண்டில் சேர மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு காலண்டர், மற்றவருக்கு வேறொன்று என்று கலந்தால்தான் சேருவார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் 1942 ஜனவரி 8இல் பிறந்தார், கலிலியோ மறைந்து சரியாக 300 ஆண்டு. அது இரண்டு பக்கமும் ஒரே காலண்டர். அதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஸ்பெயின் நாட்டுக் கத்தோலிக்கப் புனிதர் அவிலாவின் தெரேசா 1582 அக்டோபர் 4 இரவு இறந்தார். ஸ்பெயினில் அதற்கு மறுநாளே அக்டோபர் 15. புது காலண்டர் அன்றுதான் நடப்புக்கு வந்தது. அவருடைய திருநாளும் 15ஆம் தேதிதான். ஓர் இரவுக்குள் 10 தேதிகள் காணாமல் போயின.

நம் பாரதிக்கு வருவோம். அவர் மறைவு 1921 செப்டம்பர் 11 என்று படித்து வளர்ந்தோம். 2021இல் தமிழக அரசு அந்தத் தேதியை மகாகவி நாளாக அறிவித்தது. உயிர் பிரிந்ததோ நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணி வாக்கில். கடிகாரப்படி அது 12. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று எண்ணியவர்களுக்கு அது இன்னும் 11ஆம் தேதி இரவு. 11 என்பவர்களும் 12 என்பவர்களும் ஒருவரையொருவர் அறியாதவர் என்று திட்டிக்கொள்வதைப் பல காலமாகப் பார்க்கிறேன். ‘செப்டம்பர் 11 இரவு, 12 விடியுமுன்’ என்று எழுத எவ்வளவு இடம் வேண்டும்? 38 வயதில் போன மனிதருக்கு அரை வரி கூடுதலாகத் தரலாம்.

பழந்தமிழில் ‘நாள்’ என்றால் நட்சத்திரமும்தான். நிலையாய் நிற்பவை நாள்மீன், இடம் மாறுகிற கிரகங்கள் கோள்மீன். ‘நாளும் கோளும்’ என்று இன்றும் சொல்கிறோமே, அது இந்த நாள். ராஜராஜ சோழனின் பிறந்த நாள் ஐப்பசி சதயம். ஆங்கிலக் காலண்டரில் அது ஆண்டுக்கு ஆண்டு நகரும். அவனைப் பிடித்து ‘இன்று பிறந்தவர்கள்’ பட்டியலில் ஒரே தேதிக்குள் அடைப்பதைப் பார்த்தால் கோபமே வருகிறது.

இனி நீங்கள் கேட்ட காரணம். 23 பேர் கூடினாலே அதில் இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. தேதிகள் 366, வரலாறு நினைவில் வைத்திருப்பவர்களோ ஆயிரமாயிரம். டார்வினும் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 அன்று, உண்மையிலேயே ஒரே நாளில் பிறந்தார்கள். அதற்குக் காரணம் என்று நான் எதையும் தேடமாட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தயங்குவேன். அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1776 ஜூலை 4. அதை உருவாக்கிய ஜெஃபர்சன், ஜான் ஆடம்ஸ் இருவரும் மறைந்தது 1826 ஜூலை 4, அதன் 50ஆம் ஆண்டு நிறைவில். ஜெஃபர்சனுக்கு 83 வயது, ஆடம்ஸுக்கு 90. படுக்கையில் கிடந்த ஜெஃபர்சன் 3ஆம் தேதி இரவு, ‘நாலாம் தேதி ஆகிவிட்டதா?’ என்று கேட்டதாக அருகில் இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு அவர் போனார். ஆடம்ஸ் அன்று மாலை.