எந்தச் சுதந்திர நாள் நம்முடையது?

கேள்வி: கணவரின் வேலைக்காக மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே ஏப்ரல் 27 விடுதலை நாள் என்று விடுமுறை. ஆகஸ்டு 15 அன்றோ வழக்கம்போல் பள்ளிக்கூடம். "நமக்கு எதும்மா சுதந்திர தினம்?" என்று பத்து வயது மகன் கேட்டான். "நமக்கு ஆகஸ்டு 15தான், இது அவர்களுடையது" என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மனம் உறுத்துகிறது. – ஒரு வாசகி, டர்பன்

பதில்: உறுத்தியது நல்லதே, அம்மா. 1994 ஏப்ரல் 27 அன்றுதான் இந்நாட்டில் நிற வேறுபாடின்றி எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்து இதே டர்பனில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்களும் அன்று அந்த வரிசைகளில் நின்றார்கள். கோவிலில் உங்கள் மகன் நெற்றியில் திருநீறு இட்டுவிடும் பாட்டியிடம், அன்று எங்கே நின்றீர்கள் என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் பேச வராமல் போயிருக்கலாம். ஆங்கிலத்தில் சொன்னாலும் அது நம் வீட்டுக் கதைதான். இந்நாட்டு அரசமைப்புச் சட்டம் மதித்துப் பேண வேண்டிய மொழிகளைச் சொல்லுமிடத்தில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதையும் அவனுக்குக் காட்டுங்கள்.

இரண்டு நாள்களையும் இணைத்துச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது: தில்லையாடி வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரியை எதிர்த்தும் நம் திருமணங்கள் செல்லாதென்ற தீர்ப்பை எதிர்த்தும் 1913-இல் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறே வயதில் உயிர்விட்டாள். அவள் எந்த நாட்டுக்காக இறந்தாள் என்று உங்கள் மகனைக் கேளுங்கள். பதிலை அவனே தேடட்டும்.

இன்னொன்று. ஐந்து மொழிகளில் அமைந்த இந்நாட்டின் தேசிய கீதத்தைப் பிள்ளைகள் பள்ளியில் கற்றுப் பாடும்போது, பெற்றோர் வாய்மூடி நிற்பதைப் பல கூட்டங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்கள் மகனிடமே அதைக் கற்றுக்கொள்ளுங்கள். செப்டம்பர் 24 மரபு நாளையொட்டிப் பள்ளியில் நடக்கும் விழாவுக்கு அவனை வேட்டி கட்டி அனுப்புங்கள். சென்ற ஆண்டு எங்கள் தெருப் பள்ளி வாசலில், பாசிமணி அணிந்த ஜூலு இனச் சிறுவன் ஒருவன் "இது அவிழ்ந்து விழாதா?" என்று கேட்க, நம் தமிழ்ப் பையன் ஒருவன் சட்டையைத் தூக்கி, வேட்டிக்கு மேல் இறுக்கியிருந்த பள்ளி பெல்ட்டைக் காட்டினான். பிறகு இருவரும் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

கேள்வி: ஆகஸ்டு 15 வேலை நாளில் வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டாடலாமா? – ஒரு வாசகர், ஜோகன்னஸ்பர்க்

பதில்: சங்கத்து விழாவை ஞாயிறன்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் மட்டும் நாளை மாற்றாதீர்கள். ஆகஸ்டு இங்கே குளிர்காலம். காலை ஆறு மணிக்கு இருட்டு விலகியிருக்காது. ஊரில் அப்போது ஒன்பதரை மணி. தெருமுனைக் கொடியேற்றம் முடிந்து தாத்தா வீடு திரும்பியிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புமுன் அவரை வீடியோவில் அழையுங்கள். சட்டையில் குத்திய கொடியையும் கையிலுள்ள ஆரஞ்சு மிட்டாயையும் அவர் காட்டட்டும்.