சப்போரோவிலிருந்து ஒரு நாள், சைவ அப்பாவோடு

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள சப்போரோ நகரில் தங்கி, சைவம் மட்டும் சாப்பிடும் அப்பாவோடு ஒரே நாளில் எங்கே போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். யோசிக்காமல் ஷிராவோய் போங்கள். விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் போரோதோ ஏரி. அதன் கரையில் 2020-இல் திறந்த உபோபோய், ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களுக்கான தேசிய வளாகம். அங்கே முக்குரி வாசித்தால் அப்பா கட்டாயம் கேட்கட்டும். சின்ன மூங்கில் பட்டை. வாயருகே வைத்து நூலைச் சுண்டி இழுத்தால் நம் மோர்சிங் போலவே அதிரும்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். மீன் துண்டே தெரியாத மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) சூப்பிலும் தாஷி இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்த சாறு. வெண்ணெய் உருகி வழியும் அவித்த உருளைக்கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள், ஹொக்கைடோ கிழங்கின் ருசியே தனி. அப்புறம், திங்கட்கிழமை வேண்டாம், உபோபோய்க்கு வழக்கமாக அன்றுதான் விடுமுறை.