மேலூர் ரோட்டுக்கு இந்தப் பழைய ஸ்ப்ளெண்டர் தாங்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேலூரிலிருந்து மதுரை கே.கே. நகருக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். போக வர 60 கி.மீ. இதுவரை பஸ்தான். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கும் கடை) 2019 ஜூனில் பதிவான ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் நிற்கிறது. பி.எஸ்.4 (மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்), சிங்கிள் ஓனர், மீட்டரில் 41,000 கி.மீ. விலை 45,000 ரூபாய் சொல்கிறார்கள். எடுக்கலாமா? 100 சிசி வண்டி இந்த ஓட்டத்துக்குப் போதுமா?
– வாசகர், மேலூர்

பதில்: இன்ஜினும் பேப்பரும் சுத்தமாக இருந்தால் எடுக்கலாம். இரண்டில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள். ஸ்ப்ளெண்டர் ஊரெங்கும் கிடைக்கிற வண்டி, இது போனால் அடுத்த வாரமே இன்னொன்று வரும்.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். தினம் 60 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் மாதம் 1,500, வருடம் 18,000 கி.மீ. முதல் ஓனர் ஆறு வருடத்தில் ஓட்டிய தூரத்தை நீங்கள் இரண்டேகால் வருடத்தில் ஓட்டிவிடுவீர்கள். அதனால் மீட்டரில் இருக்கும் 41,000-ஐ விட, அடுத்த 41,000-ஐ இந்த இன்ஜின் தாங்குமா என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

97.2 சிசி, ஏறக்குறைய 8 குதிரைத்திறன். நான்கு வழிச்சாலையில் 50–60 வேகத்தில் நாள் முழுக்க அலுக்காமல் ஓடும். 75-க்கு மேல் பிடித்தால் ஹேண்டிலும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிரும், மைலேஜ் விழும், இன்ஜினும் சீக்கிரம் தேயும். ஒத்தக்கடை தாண்டியதும் பக்கத்தில் லாரியும் ஆம்னி பஸ்ஸும் உரசிப் போகும்போது எடை குறைந்த இந்த வண்டி காற்றுக்கு ஆடும். இடது ஓரமாக, ஒரே வேகத்தில் போகிறவருக்கு அது பழகிவிடும். தினமும் பின்னால் ஆள் ஏற்றுவதாக இருந்தாலோ, இரவு பத்து மணிக்கு மேல்தான் திரும்புவீர்கள் என்றாலோ 125 சிசி பாருங்கள். ஸ்ப்ளெண்டரின் ஹெட்லைட் வெளிச்சம் அந்த நேரத்து ரோட்டுக்குப் போதாது. குறுக்கே வரும் மாடு கண்ணில் படும்போது பிரேக்குக்கு இடம் இருக்காது.

பெட்ரோல் கணக்கில் 100 சிசிதான் லாபம். 100 சிசி லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தால் மாதம் 25 லிட்டர், 125 சிசி 50 கொடுத்தால் 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 500 ரூபாய் வித்தியாசம்.

இனி வண்டியைப் பார்ப்போம். காலையில் கடை திறந்ததும் போங்கள். 'நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்ஸரின் வளைவுக் குழாய்க்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இருந்தால் உங்களுக்காக முன்னமே ஓட்டி வைத்திருக்கிறார்கள். அன்று திரும்பி வந்துவிடுங்கள். சூடான இன்ஜின் பாதிக் குறையை மறைத்துவிடும்.

சாவி போடாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கெட்டியாகத் தடுத்து நிற்க வேண்டும். வழவழவென்று கீழே இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. பிறகு செல்ஃபைத் தொடாமல் கிக்கில் ஸ்டார்ட் செய்யுங்கள். சோக் போட்டு இரண்டு மூன்று உதையில் எடுத்தால் சரி. ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை கொஞ்சம் வந்து அரை நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) போய்விட்டன. அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளை ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நீர். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அந்தத் துளையிலிருந்து குப்குப்பென்று புகை அடித்தால் ரிங் விடுகிறது என்று அர்த்தம்.

மேலே 'டிக் டிக்' என்பது டாப்பெட் சத்தம்; அட்ஜஸ்ட் செய்தால் போய்விடும். பக்கவாட்டில் 'கரகர' என்றால் டைமிங் செயின். சரி செய்யலாம், விலையில் கழியுங்கள். கீழே, ஆயில் இருக்கும் பகுதியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாகத் தட்டினால் கனெக்டிங் ராடு பேரிங். இன்ஜினை முழுக்க இறக்க வேண்டிய வேலை அது.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். இந்த மாடலில் மீட்டர் கேபிளில் ஓடுவது; கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. ஆறு வருடத்தில் 41,000 என்பது நாளுக்கு 19 கி.மீ. ஊருக்குள் கடைக்கும் ஆபீஸுக்கும் போய் வந்தவர் என்றால் பொருந்தும். பால், கூரியர், லைன் சேல்ஸ் என்றால் பொருந்தாது. முதல் ஓனர் என்ன தொழில் என்று கேளுங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுக்கையாகி, பிரேக் மிதி நுனி பளபளவென்று தேய்ந்து, சாவித் துவாரம் தளர்ந்திருந்தால் 41,000 பொய். 'கம்பெனி டயர்' என்று சொன்னால் டயர் ஓரத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1819 என்றால் 2019-ன் 18-வது வாரம், வாங்கிய தேதியோடு பொருந்தும். 3222 என்றால் ஏற்கெனவே ஒரு செட் மாற்றியாகிவிட்டது. ஷோரூம் சர்வீஸில் விட்ட வண்டியென்றால், பதிவு எண்ணைச் சொல்லி அங்கே விசாரித்தால் கடைசி சர்வீஸில் எத்தனை கி.மீ. என்பது தெரியவரும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். இரண்டு ஃபோர்க்கின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'கடக்' என்று விளையாடக் கூடாது. ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிற்று. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபிரேமில் முட்டி நிற்கும் சின்ன இரும்புக் காது இருக்கும். அது நசுங்கியோ பெயிண்ட் உடைந்தோ இருந்தால் வண்டி முன்னால் பலமாக மோதியிருக்கிறது. சேஸ் (ஃபிரேம்) வளைந்த வண்டி தினம் 60 கி.மீ. ஓடுகிறவருக்கு ஆகாது. டயர் ஒரு பக்கமாகத் தேயும், கை வலி போகாது.

செயின் இந்த மாடலில் கவருக்குள் மூடியிருப்பதால் பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கவரில் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, விரலால் செயினைத் தூக்கித் தாழ்த்திப் பாருங்கள். 25–30 மி.மீ. ஆட்டம் இருக்கலாம். பின் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தொங்கினால் செயின் தாறுமாறாக இழுத்துவிட்டது. செயினை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த பல்சக்கரம் (ஸ்பிராக்கெட்) புதுச் செயினையும் தின்றுவிடும். முன், பின் ஸ்பிராக்கெட்டோடு செட்டாகத்தான் போட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கப் பாலம் ஏறுங்கள். நான்காவது கியரில் 40-ல் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டியென்றால் கால் பிரேக் மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்க வேண்டும். பராமரிக்காத வண்டியில் அந்தக் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும்.

டயர், செயின் செட், கோன் செட், பேட்டரி, பிரேக் ஷூ இவற்றில் எதெல்லாம் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கூலியோடு விலை கேளுங்கள். அதன் பிறகு பேரம் பேசுங்கள். 45,000 என்பதை எல்லாம் சரியாக இருக்கும் வண்டியின் விலையாக வைத்து, ஒவ்வொன்றாகக் கழியுங்கள். வாங்கியதும் முதல் வேலையாக இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். 10டபிள்யூ-30 கிரேடு. உங்கள் ஓட்டத்துக்கு 3,000 கி.மீ.க்கு ஒருமுறை, அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது.

கேள்வி: கன்சல்டிங்கில் 'ஃபார்ம் எல்லாவற்றிலும் பழைய ஓனர் கையெழுத்து போட்டிருக்கிறது, பெயர் மாற்றம் மெதுவாகச் செய்துகொள்ளலாம்' என்கிறார்கள். ஆர்.சி.யில் ஒரு பைனான்ஸ் பெயரும் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டதாம். நம்பலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கடன் முடிந்ததற்கான அத்தாட்சி, பைனான்ஸ் கொடுக்கும் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து அவர்கள் பெயரை நீக்க அவர்கள் முத்திரையிட்ட ஃபார்ம் 35-ம்தான். இவை கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஓனர், பைனான்ஸ், இன்சூரன்ஸ் முடியும் தேதி தெரியும். நிலுவையில் உள்ள இ-சலான் அபராதங்களையும் ஆன்லைனில் பார்த்து, விற்பவரையே கட்டச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஃபார்மை வாங்கி வைத்துக்கொள்வது இருவருக்கும் ஆபத்து. சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை எடுத்துச் சொன்னால் பழைய ஓனரே உடனே பெயரை மாற்றித் தர முன்வருவார்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிகளுக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்ந்தே வந்தது. அந்த ஐந்து வருடம் முடிந்ததைக் கவனிக்காமல் ஓடும் வண்டிகள் நிறைய.

2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் டீலருக்கு ஆர்.டி.ஓ.விடமிருந்து அங்கீகாரச் சான்று வேண்டும். அந்தக் கடையில் கேட்டுப் பாருங்கள். பதில் இழுத்தடித்தால் ஓனரை நேரில் வரச் சொல்லிப் பேசுங்கள்.

கேள்வி: செல்லூரில் ஒரு வண்டி பார்த்தேன். 2024 அக்டோபர் மழையில் தண்ணீரில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஆரப்பாளையம்

பதில்: கழுவிப் பாலிஷ் போட்டாலும் வண்டல் ஒளிந்துகொள்ளும் இடங்கள் உண்டு. சீட்டைக் கழற்றி ஒயரிங் கனெக்டர்களைப் பாருங்கள். பச்சைப் பூஞ்சைபோல் செம்பு அரித்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், மண் ஒட்டக் கூடாது. ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, மீட்டருக்குள் மூடுபனி, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவுக் குச்சி) பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் என்று இவற்றில் இரண்டு சேர்ந்தாலே வேண்டாம். இன்ஜினைச் சரிசெய்துவிடலாம், ஒயரிங் மட்டும் வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: ஓடும். ஆனால் எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். ரப்பர் பாகங்கள்தான் முதலில் அடிபடும். பெட்ரோல் டியூப், ஃப்யூயல் டேப் வாஷர், கார்புரேட்டர் கிண்ணத்தின் ஓ-ரிங் மூன்றும் வீங்கி, வெடித்து, ஒழுகத் தொடங்கும். வண்டி வாங்கிய கையோடு இவற்றை மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். தினம் ஓடுகிற வண்டிக்குப் பிரச்சினை வராது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் நீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். இன்ஜின் விட்டு விட்டு இழுத்தால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் நீர்தான். டேங்கை முழுக்க வடித்து, காயவைத்துப் புதிதாக ஊற்றுங்கள். டேங்குக்குள் டார்ச் அடித்துத் துருவையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கப்பலூர் வேலைக்குத் திருமங்கலத்திலிருந்து போக 2012 பல்சர் 150 மலிவாக வருகிறது. எடுக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டாம். பதிவு 15 வருடத்துக்குத்தான், 2027-ல் முடிகிறது. அதன்பின் ஆர்.டி.ஓ. சோதனைக்கு நிறுத்தி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். சோதனைக்காக நீங்கள் செய்யப்போகும் இன்ஜின், பெயிண்ட், டயர் செலவைச் சேர்த்தால் மலிவு என்பது போய்விடும். அவ்வளவு குறைந்த தூரத்துக்கு 100 அல்லது 110 சிசியில் 2018-க்குப் பிந்தைய வண்டியாகப் பாருங்கள்.