நெஞ்செரிச்சலுக்கு ஹயாட்டல் ஹெர்னியாதான் காரணமா, எப்படித் தெரிந்துகொள்வது?

அறிகுறியை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்படலாம், அவ்வளவுதான்.

உணவுக்குழாய், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உள்ள ஒரு துளை வழியாக வயிற்றுக்குள் இறங்குகிறது. உணவுக்குழாயின் கீழ்முனைத் தசையும் உதரவிதானமும் அங்கே ஒரே இடத்தில் இறுக்கிப் பிடிப்பதால்தான் அமிலம் மேலே வருவதில்லை. இரைப்பையின் மேல்பகுதி அந்தத் துளை வழியாக நெஞ்சுப் பக்கம் ஏறிவிடுவதுதான் ஹயாட்டல் ஹெர்னியா. அப்படி ஏறிவிட்டால் இரண்டு பிடியும் விலகிவிடும், தடுப்பு பலவீனமாகும்.

அதனால் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போதோ, சாப்பிட்டுப் படுத்ததுமோ புளித்த நீர் தொண்டை வரை வருகிறதா என்று கவனியுங்கள். மாத்திரையில் எரிச்சல் அடங்கியும் நீர் மட்டும் மேலே வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் கூடும். ஐம்பது வயதுக்கு மேல், உடல் பருமன் என்றாலும் அப்படித்தான். ஆனால் ஹெர்னியா இல்லாமலும் இதெல்லாம் வரும். ஹெர்னியா இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் ஏராளம்.

சரி, உறுதி செய்வது எப்படி? வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, அல்லது எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் திரவத்தைக் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே. சிறிய ஹெர்னியா மேலும் கீழும் சறுக்குவதால் சில நேரம் பரிசோதனையில் சிக்காது. என்னைக் கேட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. சிறியதாக இருந்தால் ஆரம்ப சிகிச்சை எப்படியும் ஒன்றுதான்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, கறுப்பு மலம், ரத்தசோகை இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அசிடிட்டி என்று உட்கார்ந்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.