கணக்கு இல்லாத குரூப்பும் மோல் கணக்கும்: கேள்வி பதில்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் வேதியியல் எடுத்தவன் நான். பிளஸ் ஒன் வேதியியலில் வரும் கணக்குகளைப் பற்றி ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சார், என் வகுப்பு தாவரவியல், விலங்கியல் எடுத்த பிள்ளைகள். பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவர்கள். முதல் பாடத்திலேயே மோல் (பொருளின் துகள்களை எண்ணும் அலகு) வந்துவிடுகிறது, பாதிப் பேர் கணக்குப் பக்கமே போவதில்லை. முதல் 2 வாரம் வெறும் கணக்கு நடத்திவிட்டு வேதியியலைத் தொடங்கலாமா? (ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

வேண்டாம் டீச்சர். நானே அப்படிச் செய்து பார்த்தவன். பின்னம், அடுக்கு, மடக்கை (லாக்) என்று வரிசையாக நடத்தினேன். அந்த 2 வாரமும் பிள்ளைகள் நன்றாகத்தான் போட்டார்கள். மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்ற கணக்கு) வந்தபோது பார்த்தால் எல்லாம் துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது. எதற்கு என்றே தெரியாமல் படித்தது எப்படித் தங்கும்? அப்புறம் முறையை மாற்றினேன். நாளைய பாடத்துக்கு என்ன கணக்கு வேண்டுமோ, அதை மட்டும் இன்றைய கடைசி 15 நிமிடத்தில் எடுப்பேன். மறுநாள் அதையே வேதியியலில் போட வைப்பேன்.

முதல் நாள் ஒரு சின்னச் சோதனை வையுங்கள், மதிப்பெண் இல்லாமல். 250 மி.லி. எத்தனை லிட்டர்? 0.00045ஐ பத்தின் அடுக்கில் எழுது. 3ஐ எதால் வகுத்தால் 12 வரும்? 18 கிராம் ஒரு பொட்டலம் என்றால் 45 கிராம் எத்தனை பொட்டலம்?

இதில் கடைசிக் கேள்வியை உற்றுப் பாருங்கள். அது தண்ணீரின் மோல் கணக்கேதான், பெயர்தான் வேறு. இரண்டரை என்று எழுதிய பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை. 18ஐயும் 45ஐயும் பெருக்கி வைத்த பிள்ளையோடு உட்காருங்கள். அந்தப் பிள்ளைக்கு விகிதம் பிடிபடாமல் மடக்கை சொல்லிக் கொடுப்பது வீண் வேலை. பிளஸ் ஒன் வேதியியல் கணக்கில் பெரும்பகுதி விகிதம்தான். மோல், செறிவு, சமன்பாட்டுக் கணக்கு எல்லாம் அதன் வேஷங்கள்.

நிறையை மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறையால்) வகுத்தால் மோல். இதை முக்கோணமாக வரைந்து, வேண்டியதை விரலால் மறைத்தால் விடை வந்துவிடுகிறது. நீங்கள் ஏன் அதை வேண்டாம் என்கிறீர்கள்? (டியூஷன் எடுப்பவர், மதுரை)

ஒரு படிக் கணக்குக்கு அது ஓடும், மறுக்கவில்லை. ஆனால் '0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 250 மி.லி. தயாரிக்க எத்தனை கிராம் வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் எந்த முக்கோணம் என்று பையன் முழிப்பான். அலகோடு எழுதப் பழகியவன் இப்படிப் போவான்: 0.25 லிட்டர் × லிட்டருக்கு 0.1 மோல் × மோலுக்கு 40 கிராம். லிட்டரோடு லிட்டர் அடிபடும், மோலோடு மோல் அடிபடும், கிராம் மட்டும் மிஞ்சும். விடை 1 கிராம். தலைகீழாகப் பெருக்கியிருந்தால் அலகே காட்டிக் கொடுத்துவிடும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வெறும் 'கிராம்' என்று எழுதினால் எந்தப் பொருளின் கிராம் என்பது நழுவிவிடும். ஆக்சிஜனின் கிராமைத் தண்ணீரின் 18ஆல் வகுத்து, அலகெல்லாம் அழகாக அடிபட்டு, தப்பான விடை எழுதிய தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். அதனால் '18 கிராம் தண்ணீர்' என்று பொருளின் பெயரையும் எழுதச் சொல்வேன். கை வலிக்கிறது என்பார்கள். வலிக்கட்டும்.

சார், 10⁵ + 10⁴ = 10⁹ என்று போட்டேன், தப்பு என்றார்கள். பெருக்கும்போது மட்டும் ஏன் கூட்டணும்? (பிளஸ் ஒன் மாணவர்)

தம்பி, 10⁵ என்பது ஒரு லட்சம். 10⁴ பத்தாயிரம். லட்ச ரூபாயோடு பத்தாயிரத்தைச் சேர்த்தால் நூறு கோடி ஆகுமா? அப்படி ஆகும் என்றால் சொல், நானும் வருகிறேன். பெருக்கும்போது சுழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் சேர்கின்றன, அதனால் அடுக்கைக் கூட்டுகிறோம். கூட்டும்போது இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டு வா: 10 × 10⁴ + 1 × 10⁴ = 11 × 10⁴.

நமக்குத்தான் லட்சம், கோடி என்று நல்ல பிடிமானம் இருக்கிறதே. கோடி 10⁷. கோடி கோடி கோடி 10²¹. ஒரு மோலில் எத்தனை துகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண் 6.022 × 10²³, அதாவது சுமார் 602 கோடி கோடி கோடி. ஒரு வாய் தண்ணீரில், 18 மி.லி.யில், அத்தனை மூலக்கூறு.

என் மகள் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 96. இப்போது வேதியியல் கணக்கில் தடுமாறுகிறாள். எப்படி? (ஒரு தாய், சேலம்)

கணிதப் புத்தகத்தில் பயிற்சியின் தலைப்பே எந்த முறை என்று சொல்லிவிடும் அம்மா. இங்கே அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து மாறினாலும் பிள்ளைகள் மிரள்கிறார்கள். '4எக்ஸ் = 12' என்றால் நொடியில் சொல்லும் பிள்ளை, வாயுச் சமன்பாட்டில் வெப்பநிலையைக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடும். கணக்கைத் தொடங்குமுன் 'என்ன கேட்கிறார்கள், எந்த அலகில்' என்று உங்களிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை.

வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை (வினையில் முதலில் தீர்ந்துபோகும் பொருளை) எப்படி நடத்துகிறீர்கள்? எப்போதும் கிராம் குறைவாக இருப்பதையே தேர்ந்தெடுக்கிறார்கள். (ஆசிரியர், தஞ்சாவூர்)

கல்யாணத் தாம்பூலப் பையில் தொடங்குவேன். பைக்கு 1 தேங்காய், 2 வெற்றிலை. கையில் 60 தேங்காய், 100 வெற்றிலை. எத்தனை பை போடலாம்? 50. முதலில் தீர்வது வெற்றிலை, எண்ணிக்கையில் அதுதானே அதிகம்! இந்த இடத்தில் வகுப்பைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். எது குறைவு என்பதல்ல, எது முதலில் தீரும் என்பதுதான் கேள்வி.

அப்புறம் அம்மோனியாவுக்குப் போங்கள். 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும். 28 கிராம் நைட்ரஜன், 4 கிராம் ஹைட்ரஜன் கொடுங்கள். 1 மோல், 2 மோல். சமன்பாட்டு எண்ணால் வகுத்தால் 1, 0.67. ஹைட்ரஜன்தான் முதலில் தீரும், கிடைப்பது சுமார் 22.7 கிராம் அம்மோனியா. ஆனால் இந்தக் கணக்கில் 'கிராம் குறைவு' என்று குருட்டடியாகச் சொன்னவருக்கும் சரியாக வந்துவிடும். உடனே 4 கிராம் ஹைட்ரஜனோடு 16 கிராம் ஆக்சிஜன் கொடுத்து, தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள். இங்கே தீர்வது ஆக்சிஜன்.

27 டிகிரி செல்சியஸில் இருக்கும் வாயுவை அதே அழுத்தத்தில் 54க்குச் சூடாக்கினால் கனஅளவு இரட்டிப்பாகும் என்றே எழுதுகிறார்கள். (பி.எட். மாணவி)

நேர்மாறல் (ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிப்பது) சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. செல்சியஸின் சுழியம் நாமாக வைத்தது. செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின்; கெல்வினில் இவை 300, 327. கனஅளவு 9 சதவீதம்தான் கூடும். வரைபடத்தில் கோட்டைப் பின்னோக்கி நீட்டச் சொல்லுங்கள். மைனஸ் 273 பக்கத்தில் அச்சைத் தொடுவதை அவர்களே பார்க்கட்டும்.

செய்முறைத் தேர்வில் கரைசலின் செறிவை 0.10204081 நார்மல் என்று எழுதுகிறார்கள். (ஆய்வக உதவியாளர்)

விடையில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கது என்று சொல்லும் முக்கிய எண்ணுரு விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், கரைசலை அளக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் முன்னால் நிறுத்துங்கள். ஒரு கோடு 0.1 மி.லி. அதில் 19.6 என்று வாசித்தவருக்கு எட்டு இலக்கம் எங்கிருந்து வந்தது? 0.102 போதும்.

மடக்கை அட்டவணையைப் பார்த்தாலே பயம். பி.எச். கணக்குக்கு வேறு வழி? நீட் தேர்வில் கால்குலேட்டரும் கிடையாது. (மாணவி, திருநெல்வேலி)

பி.எச். என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எதிர்க்குறியோடு எழுதும் அமில அளவு. லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771. இரண்டை மட்டும் மனதில் வை. 4க்கு முதலாவதை இரட்டித்தால் 0.6020. 6க்கு இரண்டையும் கூட்டு. 5க்கு 1லிருந்து 0.3010ஐக் கழி. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2 × 10⁻⁵ என்றால், விடை 4க்கும் 5க்கும் நடுவில் என்று முதலில் சொல்லிவிடு. அப்புறம் 5 − 0.30 = 4.70. 1909இல் டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் இந்த அளவைக் கொண்டுவந்ததே இந்த நீண்ட தசமங்களைச் சின்ன எண்ணாக்கத்தான்.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 8 என்று மாணவர்கள் சொல்கிறார்கள். கணக்குப்படி சரிதானே? (ஆசிரியர், கடலூர்)

கணக்குப்படி சரி, ஆனால் அமிலத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காரமாக்கிவிட்டார்கள் (7க்கு மேல் போனால் காரம்)! தண்ணீரே 10⁻⁷ அளவுக்கு ஹைட்ரஜன் அயனி தருகிறது, அதை விட்டுவிட்டார்கள். சேர்த்துப் போட்டால் 25 டிகிரியில் சுமார் 6.98. அதற்கு இருபடிச் சமன்பாடு வேண்டும். நான் அதை உடனே எழுத மாட்டேன். 8 எப்படி வரும் என்று வகுப்பில் யாராவது கேட்கும்வரை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.